கட்டைவிரலின் இடம்

"நாள் முழுக்கக் கையத்தான் பாக்குறேன். வரிசையா வந்துக்கிட்டே இருக்கு. ஒண்ணாச்சும் ஒரு தடவ வெரல மடக்கியிருக்கா? நீ அட்டப் பெட்டியில செஞ்சா மட்டும் மடங்கிருமா?"

இது என் அக்கா சொன்னது. சுங்கை பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. பீங்கான் கைகள் சங்கிலியில் தொங்கியபடி ரப்பர் பாலில் முங்கி, சூட்டில் காய்ந்து அவள் முன்னால் வரும். அவற்றின் மேல் படிந்திருக்கும் கையுறையை உரித்தெடுக்க வேண்டும். கைகளைப் பற்றி அவளிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போன காலத்தில் என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அதனால் அக்கா ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டாள். எங்கள் குடும்பத்தில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய படியான ஆறாம் படிவம் வரை படித்த முதல் ஆள் நான். இதை நான் யாரிடமும் தாழ்ந்த குரலில் சொன்னதில்லை. பல்கலைக்கழகத்தில் ரோபோ பொறியியலுக்கு விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்கும் அழைப்பு வந்தது. நீங்களே செய்த ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுவாருங்கள் என்று அதில் ஒரு வரி. இரண்டு வாரம் இருந்தது. இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் வீட்டில் பதில் தயாராக இருந்தது. அக்கா தன் தொழிற்சாலையின் வேலை விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்து தொலைக்காட்சிக்கு அடியில் வைத்திருந்தாள்.

கை செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதே சமையலறையில்தான். சூப்புக்காக அம்மா கோழிக்கால் நறுக்கிக்கொண்டிருந்தார். வெட்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு நரம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்தேன். விரல்கள் மூன்றும் மடங்கின. விட்டேன், தளர்ந்தன. மறுபடியும் இழுத்தேன்.

"சாப்புடுற சாமான்ல வெளையாடாத," என்றார் அம்மா.

விளையாட்டாகத்தான் தொடங்கியது. ஆனால் விரலை மடக்கும் விசை விரலுக்குள் இல்லை, எங்கோ பின்னால் இருக்கிறது என்பது என்னை விடவில்லை. என் முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டிப் பார்த்தேன். தோலுக்கு அடியில் ஏதோ ஓடியது. எனக்குள்ளும் அந்த நரம்புதான்.

பீடோங்கில் ஒரு மளிகைக் கடையில் எண்ணெய்ப் புட்டிகள் வந்த தடித்த அட்டைப்பெட்டி கிடைத்தது. கரும்புச்சாறு விற்பவரிடம் கேட்டு ஒரு பிடி ஸ்ட்ரா வாங்கி வந்தேன். மீன்பிடிக்கும் தங்சி நூல் வீட்டிலேயே இருந்தது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களில் சுற்றி வரும் ரப்பர் வளையங்களை அம்மா கதவுக் கொக்கியில் மாட்டிச் சேர்த்து வைப்பார். அதில் பத்து எடுத்தேன்.

முதலில் கையை வரைய வேண்டும். என் இடது கையை அட்டையில் வைத்து வலது கையால் வரைந்தேன். கை நகர்ந்து நகர்ந்து கோடு கோணலாகப் போனது. வீட்டில் ஒரு பெட்டியில் மெல்லிய வெள்ளைக் கையுறைகள் மிச்சமிருந்தன. ஒன்றை எடுத்து அட்டையில் விரித்து, அதைச் சுற்றி வரைந்தேன். அழகான கை கிடைத்தது. நல்ல யோசனை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஒவ்வொரு விரலிலும் மூட்டு வரும் இடங்களில் அட்டையைக் கீறி மடித்தேன். உள்பக்கம் ஸ்ட்ராத் துண்டுகளை ஒட்டி அவற்றுக்குள் நூலைச் செலுத்தினேன். முதுகுப் பக்கம் ரப்பர் வளையங்கள். நூலை இழுத்தால் விரல் மடங்கும், விட்டால் ரப்பர் நிமிர்த்திவிடும். நான்காம் நாள் ஐந்து நூல்களையும் சேர்த்து இழுத்தேன். கை மூடியது. அம்மாவைக் கூப்பிட்டு ஏழெட்டு முறை காட்டினேன்.

பிறகு அதனிடம் ஒரு காகிதக் குவளையைக் கொடுத்தேன். நான்கு விரல்களும் குவளையைத் தள்ளின. கட்டைவிரல் பக்கத்தில் எதையோ தேடுவதுபோல் மடங்கியது. குவளை கீழே உருண்டது. ரப்பரை மாற்றினேன். நூலைக் குட்டையாக்கினேன். விரல்களை ஒரு மூட்டு நீளமாகப் புதிதாக வெட்டி ஒட்டினேன். மூன்று நாள் குவளை உருண்டுகொண்டே இருந்தது.

இரவு வேலை முடிந்து ஒரு காலையில் அக்கா வந்தாள். பால் கலக்காத கோப்பி ஓ குவளையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அட்டைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத எத வச்சு வரஞ்ச?"

"கையுறைய வச்சு."

அக்கா சிரித்ததில் கோப்பி தளும்பியது. "அடியே! அது கிளினிக்குல போடுறது. எடது கையிலயும் போடலாம், வலது கையிலயும் போடலாம். அதனால கட்டவெரலு மத்த வெரலோட ஒரே வரிசையில நிக்கும். ஆபரேசன் பண்றவங்க கையுறைக்கு அச்சே வேற. எடதுக்குத் தனி, வலதுக்குத் தனி. அதுல கட்டவெரலு உள்ளங்கைக்கு முன்னால வந்து நிக்கும்."

"ஏன்க்கா?"

"கத்தி புடிக்கணும்ல? ஆறாம் படிவம் படிச்ச புள்ளைக்கு இது தெரியல."

சுருக்கென்றது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் சுருக்கென்றது. அவள் கோப்பிக் குவளையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் எதிர்ப்பக்கம். அந்தக் கோழிக்குக்கூட ஒரு விரல் பின்னால் இருந்தது. மூன்று விரல் மடங்கிய சந்தோஷத்தில் நான்காவதை நான் பார்க்கவே இல்லை.

கத்தரிக்கோலை எடுத்துக் கட்டைவிரலை வெட்டினேன். "ஐயோ, பாவம் லா!" என்றாள் அக்கா. அதை ஒரு தனி அட்டையில் ஒட்டி, உள்ளங்கைக்குக் குறுக்கே சாய்வாக வைத்துத் தைத்தேன். விரல்நுனிகள் வழுக்காமல் இருக்க, அதே கையுறையின் விரல்களை நறுக்கித் தொப்பிபோல் மாட்டினேன். அக்கா தூங்கப் போகவில்லை.

நூல்களை இழுத்தேன். குவளை நின்றது.

"தண்ணி ஊத்து," என்றாள்.

"வேணாம்க்கா, அட்ட ஊறிரும்."

"ஊத்து லா!"

அவளே பாதிக் குவளை ஊற்றினாள். அட்டைக் கை ஆடியது, ஆனால் குவளையை விடவில்லை.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். மலாய் மொழியில் பேசினோம். நடுவில் இருந்தவர் கையை வாங்கி நூல்களைத் தானே இழுத்துப் பார்த்தார். கட்டைவிரலை ஏன் தனியாகத் தைத்திருக்கிறேன் என்று கேட்டார். கையுறை அச்சுகளைப் பற்றிச் சொன்னேன். இதை எங்கே படித்தீர்கள் என்றார்.

"என் அக்கா சொன்னார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு, "இதை இழுப்பது உங்கள் விரல். இதில் ரோபோ எங்கே இருக்கிறது?" என்றார்.

"இன்னும் வரவில்லை, ஐயா. கைதான் முதலில் வந்திருக்கிறது."

ஓரத்தில் இருந்த பெண்மணி சிரித்தார். அது நல்ல சிரிப்பா என்று பேருந்தில் திகாம் பத்து ஊரைத் தாண்டும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் நடுவில் இருந்தவர் கேட்ட கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. ஓடாமல் கிடந்த டிவிடி பெட்டியைத் திறந்தேன். தட்டை வெளியே தள்ளும் சின்ன மோட்டார் அதில் நன்றாகவே இருந்தது, பற்சக்கரங்களோடு. எதை எதோடு இணைப்பது என்று வரைய ஒரு தாள் தேடினேன்.

போன வெள்ளிக்கிழமை அக்கா தொலைக்காட்சிக்கு அடியில் தேடினாள். "இன்னைக்குத்தான் கடைசி நாளு. பாரம் எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கம் முழுக்க மோட்டார், மின்கலம், அம்புக்குறிகள். அவள் அம்புக்குறிகள் மேல் விரலை ஓட்டினாள். "இதுல கட்டவெரலு எது?" என்றாள். காட்டினேன். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள்.

நேற்றுக் கட்டைவிரலின் நூலை அந்த மோட்டாரில் கட்டிவிட்டேன்.