சாம்பிராணி ஸ்டெபிலைசர்

எங்கள் பக்கத்தில் டி.வி. வரத் தொடங்கிய சமயம் நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தேன். சாயங்காலமானால் கரண்ட் இறங்கும். படம் நாலு பக்கமும் சுருங்கி, நடுவில் தபால் அட்டை அளவுக்கு நிற்கும். ஆகவே டி.வி. வாங்கிய எல்லோருக்கும் கரண்டை ஏற்றிச் சீராக்க ஒரு ஸ்டெபிலைசர் தேவைப்பட்டது. குற்றாலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் கம்பெனி தொடங்கினேன். அதன் சொத்து: கம்பிச் சுருள் சுற்றும் கை மெஷின், சால்டரிங் அயர்ன், செம்புக் கம்பி, ஒரு டின் வார்னிஷ், ஒரு முக்காலி, நான்.

ஒரே சிக்கல், அந்த அறை சீசனுக்கு உரியது. சாரல் விழுந்துவிட்டால், அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு முன்னறையை வாடகைக்கு விடுவது எங்கள் தெரு வழக்கம். தென்காசியில் ரேடியோ கடை வைத்திருந்த அண்ணாச்சி என்னிடம் பத்து ஸ்டெபிலைசர் கேட்டிருந்தார். அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை பத்தையும் கொடுத்துட்டா ரூம் ஒனக்கு. இல்லேன்னா சனிக்கிழமை மதுரைக்காரங்க வாராங்க. கம்பியெல்லாம் மூட்டை கட்டிரு."

பெட்டிக்குள் வைக்கிற பத்து டிரான்ஸ்பார்மரையும் செம்புக் கம்பியால் சுற்றி, வார்னிஷில் முக்கி, கொடியில் தொங்கவிட்டேன். நல்ல வெயிலில் காய வேண்டியவை. வெயிலே வரவில்லை. அன்று வீட்டில் காயாமல் தொங்கியவை: அப்பாவின் வேட்டி, துண்டுகள், குளிக்க வந்த அத்தையின் சேலைகள், என் கம்பெனி.

அத்தை அப்பாவுக்கு அக்கா, வடகரையிலிருந்து சீசன் தவறாமல் வருகிறவள். தலையில் ஈரத்துண்டோடு வந்து கொடியை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏட்டி, என்னது இது, வாழைக்காயைத் தொங்க விட்ட மாதிரி?"

"டிரான்ஸ்பார்மர் அத்தை. நாளைக்குக் கொடுக்கணும். இன்னும் கையில ஒட்டுது."

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? மழைக்காலத்துல பிள்ளைத் துணி எப்படிக் காயுதாம்? தணலைப் போட்டுக் கூடையைக் கவுத்து, அதுமேல காயப் போடு."

யோசித்தேன். சுற்றிலும் ஒரே சூடு வேண்டும், ஈரம் வெளியேற வழி வேண்டும், நெருப்பு படக்கூடாது. மூன்றும் கூடையில் இருந்தன. பாலிடெக்னிக்கில் இதற்கு ஓவன் என்று பெயர். தணலில் சாம்பலைப் போர்த்தி, கூடையைக் கவிழ்த்து, மேலே டிரான்ஸ்பார்மர்களை அடுக்கினேன். அத்தையைக் காவல் வைத்துவிட்டு, கொல்லையில் தகரப் பெட்டிகளுக்குத் துளை போட்டேன்.

திரும்பி வந்தால் அறையைக் காணவில்லை. வெள்ளைப் புகை நடுவே அத்தை விசிறியோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அத்தை போட்டீங்க?"

"சாம்பிராணிதான். கூடையைக் கவுத்துட்டு வெறுந்தணலாவா விடுவாங்க?"

"எவ்வளவு?"

"அளந்தா போடுதாங்க?"

அப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்குப் பிள்ளை பொறந்திருக்கு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து நிற்கவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விரலால் தொட்டால் வார்னிஷ் கண்ணாடிபோலக் காய்ந்திருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், எல்லாம் சரி. வாசனை மட்டும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் அண்ணாச்சி முதல் பெட்டியைத் திறந்தார். மூக்கை உறிஞ்சினார். டி.வி.யோடு இணைத்தார். உள்ளே ரிலே சுவிட்ச் டக்கென்றது, சுருங்கியிருந்த படம் திரை முழுக்க விரிந்தது. மறுபடி உறிஞ்சினார்.

"பூஜை போட்டுத்தான் அனுப்புவியோம்மா?"

"அத்தை போட்டாங்க அண்ணாச்சி."

"மெட்ராஸ்காரன் எவன் செய்தான் இப்படி? இன்னும் இருபது கொண்டா."

"சாம்பிராணியோடயா?"

"பின்ன?"

சனிக்கிழமை மதுரைக்காரர்கள் வாளியும் எண்ணெய்ப் பாட்டிலுமாக வந்து நின்றார்கள். உள்ளே இருபதுக்கான வேலை தொடங்கியிருந்தது, அத்தையும் தொடங்கியிருந்தாள். அப்பா வாசலை மறைத்து நின்றார்.

"ரூம் இல்லைங்க. கம்பெனி நடக்குது."

"ஊதுபத்தி கம்பெனியா?" என்றார் வந்தவர், புகையைப் பார்த்து.

அப்பா திரும்பி உள்ளே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"கரண்ட் கம்பெனி," என்றார்.

அவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள், சற்று வேகமாகவே.