பின் அச்சின் மூச்சு

2025 மே மாதம் 17ஆம் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு அப்பா மறுபடியும் லாரிக்கு அடியில் படுத்தார். மறுநாள் கோத்தா திங்கியில் எங்கள் செம்பனைத் தோட்டத்துக் கோயில் திருவிழா. மூவார் நகரில் ஒரு மரச்சாமான் பட்டறையின் பின்புறம் துருப்பிடித்துக் கிடந்த அந்தப் பழைய லாரியை வாங்கிப் பழுதுபார்த்தவர், அம்மன் ரதத்தை அதுவே இழுக்கும் என்று கோயிலில் வாக்குக் கொடுத்திருந்தார். ரதத்தின் பின்னால் பால்குடம் ஏந்தியவர்கள் வெறுங்காலோடு வருவார்கள். அம்மாவும் அவர்களில் ஒருவர். சாலையில் எண்ணெய் சொட்டினால் கால் வழுக்கும். கசிவு நிற்காவிட்டால் வாடகை லாரிதான் என்று கோயில் தலைவர் சொல்லிவிட்டார்.

கசிவு பின் அச்சில். என்ஜின் பக்கமிருந்து வரும் நீண்ட தண்டு, அச்சின் நடுவிலுள்ள இரும்புக் குடத்துக்குள் நுழையும் இடத்தில், எண்ணெயைத் தடுக்க ஒரு ரப்பர் வளையம் உண்டு, சீல் என்பார்கள். அப்பா இருமுறை புதிதாக மாட்டியிருந்தார். நிற்கும் லாரியில் சொட்டு விழாது. ஓடித் திரும்பினால் சீலின் ஓரம் மினுங்கும். கடைக்காரன் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டான் என்பது அப்பாவின் கட்சி.

அன்றும் செம்பனைகளுக்கு நடுவே ஓட்டித் திரும்பினோம், கசிந்திருந்தது. எண்ணெயின் அளவைப் பார்க்க, அப்பா குடத்தின் பக்கவாட்டுத் திருகைத் தளர்த்தினார். உஸ்ஸென்று நீண்ட ஓசை எழுந்தது. டார்ச்சைப் பிடித்திருந்த என் விரல்களில் வெதுவெதுப்பான காற்று பட்டது. பற்சக்கரங்களும் எண்ணெயும் மட்டுமே இருப்பதாக நான் எண்ணியிருந்த இருட்டுக்குள், ஒரு மூச்சு அடைபட்டுக் கிடந்திருக்கிறது. கையை இழுத்துக்கொள்ளவும் எனக்குத் தோன்றவில்லை.

"உள்ள காத்து எப்படிப்பா?"

"எப்பவும் இருக்கும்மா. சூடானா மேல ஒரு சின்ன மூடி வழியா..." என்றவர் நிறுத்தினார். அவர் கை அச்சின் மேற்புறத்தைத் தடவிச் சென்று ஒரு சிறு மேட்டில் நின்றது. நகத்தால் சுரண்டினார். கறுப்புச் சாயத்தின் அடியிலிருந்து காய்ந்த சந்தனம் உதிர்ந்தது.

போன ஆண்டு அச்சைக் கழற்றி வாசலில் வைத்திருந்த நாட்களில் ஆயுத பூஜை வந்தது. அம்மா ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அச்சின் உச்சியில் விரல்நுனி அளவில் நீட்டிக்கொண்டிருந்த அந்த மூடி, பொட்டுக்கென்றே செய்ததுபோல் அவருக்குத் தோன்றியிருக்கும். பிறகு சாயம் அடித்த அப்பா, பொட்டை அழிக்க மனம் வராமல் அதன் மீதே அடித்துவிட்டார். வெளியேற வழியற்ற காற்றுதான் ஒவ்வோர் ஓட்டத்திலும் எண்ணெயைச் சீல் வழியே தள்ளியிருக்கிறது.

விரதத்தில் களைத்திருந்த அம்மா குனிந்து பார்த்தார்.

"பொட்டு நான்தான் வெச்சேன். மேல கறுப்பு அடிச்சது யாரு?"

"சாமி பொட்ட அழிக்கலாமா?"

"அந்தக் கடைக்காரர்தான் பாவம் லா," என்றார் அம்மா.

மூடியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சந்தனம் அடைத்திருந்த அதன் காற்றுத் துளையை ஊசியால் திறந்தோம். அப்பா புதிய சீல் மாட்டினார். ஆற்றுப் பாலம்வரை ஓட்டி வந்தபின், திருகைத் தளர்த்தும்படி என்னிடம் சொன்னார். ஓசையே இல்லை. அத்தனை இரும்பும் ஓர் ஊசித் துளையால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அச்சின் அடியில் ஓர் அட்டையை விரித்துவிட்டு உள்ளே போனோம்.

மறுநாள் காலை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் இருபுறமும் திருப்பிப் பார்த்தேன், ஈரமில்லை. கோயிலில் அப்பா லாரியைக் கிளப்பியதும், செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மாவுக்கு ஓரடி முன்னால், சாலையைப் பார்த்தபடி நடந்தேன்.