பெஞ்சில் சிக்கிய மாணவர்

ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் எங்களுக்கு ஆசிரியர் பயிற்சி வகுப்பு நடக்கும். வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். ஆறாம் நாள், சொல்லிக் கொடுப்பது எப்படி என்று படிப்போம். இருபது பேரில் பெண்கள் மூவர். நான்தான் வயதில் சிறியவள். ஒரு தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு என் பொறுப்பு.

நாங்கள் எல்லாரும் பயந்தது மாதிரிப் பாடத்துக்குத்தான். ஒருவர் ஆசிரியராக நிற்க, மற்றவர்கள் பிள்ளைகளாக உட்கார வேண்டும். பயிற்சி தரும் ஐயா பின்வரிசையில் இருந்து குறைகளை எழுதிக்கொள்வார்.

என் முறை வந்தபோது நீளம் அளப்பதைப் பாடமாக எடுத்துக்கொண்டேன். மார்க்கெட் ஸ்திரீட் தையல்காரர் ஒருவரிடம் அளவு நாடா இரவல் வாங்கி வந்திருந்தேன். கடலுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரின் தோட்டப் பள்ளியிலிருந்து படகேறி வரும் அண்ணன் ஒருவர் முன்வரிசைக்கு வந்தார். நாற்பது வயது, பெரிய மீசை, நல்ல உடம்பு. பெஞ்சையும் மேசையையும் சேர்த்து அடித்த சின்னப் பிள்ளைகளின் இருக்கை அது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார்.

தலைப்பைக் கரும்பலகையில் எழுதினேன். வரி கீழே சரிந்தது. திரும்பி, “முதல் பெஞ்சு தம்பி, எழுந்து சொல்லுங்க. சாண்னா என்ன?” என்றேன். அவரைத் தம்பி என்று கூப்பிட வாய் கூசியது.

அவர் எழுந்தார். கூடவே மேசையும் எழுந்தது.

“உக்காந்தே சொல்லலாமா டீச்சர்?” என்று பிள்ளைக் குரலில் கேட்டார். பிறகு தணிந்த சொந்தக் குரலில், “நெசமாவே மாட்டிக்கிட்டேன் தங்கச்சி. நகர முடியலலா” என்றார்.

“இருங்கண்ணே, பாப்போம்” என்று என்னை மறந்து சொல்லிவிட்டேன். வகுப்பு முழுவதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தது. ஐயா அசையவில்லை. நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவே எத்தனை சாண் என்று பக்கத்தில் இருந்தவரை அளக்கச் சொன்னேன். “ஒரு சாண்” என்றார். அடுத்து இருந்த பெண் அளந்துவிட்டு, “ஒன்னேகால்” என்றாள். ஏன் வித்தியாசம் என்று கேட்டேன். கைகள் வேறு வேறு என்று எல்லாரும் சொன்னார்கள். அப்போது நாடாவை எடுத்து, யார் அளந்தாலும் மாறாத அளவு எது என்று காட்டினேன்.

“என் வயித்த மட்டும் அளந்துறாதீங்க டீச்சர். வீட்டுல சோத்தக் கொறச்சுருவாங்க” என்றார் அண்ணன்.

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. ஐயாவும் சிரித்தார். இரண்டு பேர் மேசையைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் பக்கவாட்டில் வழுக்கி வெளியே வந்தார். போனது ஒரு சட்டைப் பித்தான்தான்.

கடைசியில் ஐயா குறிப்பைப் படித்தார். “போர்டு எழுத்து சரியில்ல. பிள்ளைய அண்ணேன்னு கூப்பிட்டீங்க, அதுவும் தப்பு. ஆனா பாடம் போய்ச் சேந்துருச்சு. பாஸ்.”

திங்கட்கிழமை அதே பாடத்தை என் இரண்டாம் வகுப்பில் நடத்தினேன். பிள்ளைகள் கதவு, ஜன்னல், தலைமையாசிரியரின் நாற்காலி என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு சிறுமி என் சடையை அளக்க அனுமதி கேட்டாள். திரும்பி நின்றேன். அவள் கணக்குக்கு ஐந்து சாண், அவள் தோழிக்கு நாலு. இரண்டு பேரும் அதற்காகச் சண்டை போட்டார்கள். மணி அடித்த பிறகும் யாரும் வெளியே போகவில்லை.