ஓட்டையில்லாத தொட்டி

இடது கை பித்தளைத் தொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தது. வலது கைப் பெருவிரல் ஈய ஒட்டின் மேல் ஊர்ந்து வந்தது. ஓரிடத்தில் மயிரிழை அளவு மேடு தட்டுப்பட, விரல் நின்றது. அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி பெருவிரல்.

அந்தக் கைகளுக்கு உரியவர் ஸ்ரனிஸ்லாஸ். தெல்தோட்டையில் பிறந்து, பதினாறு வயதில் பிலிமத்தலாவைக்கு வந்து, பித்தளைப் பட்டறையொன்றில் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தவர். இப்போது கண்டி வீதியில் சொந்தப் பட்டறை. பாத்திரம் கொண்டு வருகிறவர்கள் ஒழுகும் இடத்தைச் சோக்குக்கட்டியால் வட்டமிட்டுக் கொடுப்பார்கள். அவர் அடைத்த வட்டம் திரும்ப ஒழுகியதென்று யாரும் வந்ததில்லை.

எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பை, பட்டறையில் தீ மூட்டி ஒட்ட வைத்திருந்த ஒட்சிசன் சிலிண்டர்தான் மறுபடி தொடக்கிவைத்தது. தினமும் திறந்து மூடும் இந்தக் காற்றை முதலில் பிடித்தது யாரென்று தெரியாமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைபேசியில் தேடித் தேடி வாசித்தார். மதுவடிசாலைக்குப் பக்கத்தில் குடியிருந்து, நுரைக்கும் தொட்டிகளின் மேலே நின்ற காற்றை ஆராய்ந்த பிரீஸ்ட்லி. மருந்துக்கடை வேலையோடு ஒட்சிசனைப் பிரீஸ்ட்லிக்கு முன்பே கண்டும், புத்தகம் பிந்தி வந்த ஷீலே.

“எல்லாரும் நம்மள மாதிரி தொட்டியும் குழாயுமா திரிஞ்சவங்கதான்” என்பார் மனைவி டொரதியிடம்.

அதனால்தான், கண்டியில் படிப்பிக்கும் சஞ்சீவனி டீச்சர் துருப்பிடித்த தகரத் தொட்டியைக் கொண்டுவந்து, வாயு சேகரிக்க இதே மாதிரி ஒன்று வேண்டுமென்றபோது, கையிலிருந்த வேலையை ஒதுக்கிவைத்தார். தண்ணீருக்குள் ஒரு தட்டு. அதன்மேல் நீர் நிரப்பிக் கவிழ்த்த கண்ணாடிச் சாடி. பழைய தொட்டி முழுக்க ஓட்டை. தட்டின் நடுவில் இருந்ததை மட்டும் டீச்சர் சோக்கால் வட்டமிட்டிருந்தார்.

“எங்க ஸ்கூல் அதிபர் கொழும்புல வாங்கச் சொன்னாரு. நீங்க செய்வீங்கன்னு நான்தான் அடிச்சுச் சொன்னேன்ண்ணே. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கண்காட்சி.”

இன்று வெள்ளிக்கிழமை. டீச்சர் எட்டரைக்கு வருவார்.

சோதிக்காமல் எதையும் கொடுக்கும் பழக்கம் அவருக்கில்லை. தொட்டியில் நீர் ஊற்றினார்; சொட்டும் கசியவில்லை. சாடியைக் கவிழ்த்து, இறப்பர்க் குழாயைத் தட்டுக்குக் கீழே விட்டு ஊதினார். குமிழிகள் தட்டின் அடியில் முட்டி, விளிம்பால் நழுவி வெளியே உடைந்தன. சாடிக்குள் காற்று ஏறவில்லை; நீர் இறங்காமல் அப்படியே நின்றது.

பழைய தொட்டியை எடுத்துப் பார்த்தார். மற்ற ஓட்டைகள் கந்தலாயிருக்க, வட்டத்துக்குள் இருந்தது மட்டும் ஒழுங்காக, வழுவழுப்பாக இருந்தது. வாயு மேலே ஏற வேண்டுமென்றே போட்ட ஓட்டை. அதை ஒழுகும் இடமென்று எடுத்து, புதுத் தட்டை ஓட்டையில்லாமல் செய்திருக்கிறார்.

தேத்தண்ணியோடு வந்த டொரதி விசயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“ஊரு ஓட்டையெல்லாம் அடச்ச கை. இன்னைக்கு ஒண்ணு போடட்டும்.”

அவர் சிரிக்கவில்லை. துளைக்கும் மெஷின் அதிர்ந்தால் ஈய ஒட்டு விட்டுப்போகும். மறுபடி ஒட்ட நேரமில்லை. தட்டுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, கையால் சுற்றும் துளைப்பானை எடுத்தார். முதலில் ஊசியளவு, பிறகு பென்சிலளவு. பித்தளைச் சுருள் மெல்ல மெல்ல உதிர்ந்தது. விளிம்பை அரத்தால் மழுக்கி, ஒட்டைத் தடவினார். அசையவில்லை.

“முடிஞ்சுதாண்ணே?” வாசலில் டீச்சர்.

“டீச்சர், நீங்க போட்ட வட்டத்த அடைக்கச் சொன்னதா நெனச்சுட்டேன். ஓட்டைய இப்பத்தான் போட்டேன். நீங்களே செஞ்சு பாருங்க. சரிவந்தா மட்டும் எடுத்துக்குங்க.”

டீச்சர் போத்தலில் வினாகிரியும் அப்பச்சோடாவும் போட்டுக் குழாயை மாட்டினார். குமிழிகள் ஒவ்வொன்றாய்த் துளை வழியே ஏறின. சாடிக்குள் நீர் இறங்கியது. சாடியை மூடி நிமிர்த்தி, எரிகிற நெருப்புக்குச்சியை உள்ளே விட்டார். அணைந்தது; சாடி நிறையக் கரியமில வாயு.

“அடுத்த முறை வட்டத்துக்குப் பக்கத்துல எழுதியே தந்துடறேன்.”

“அப்பவும் நான் ஒருக்காக் கேட்டுக்கறேன் டீச்சர்.”

நீரைக் கொட்டி, துணியால் துடைத்து, துளையைச் சுற்றிப் பெருவிரலை ஒருமுறை ஓட்டிவிட்டு, தொட்டியை இரண்டு கையாலும் டீச்சரிடம் கொடுத்தார்.