மகனுக்காகப் பருந்துக்குப் போட்ட கறி

அன்று அங்கே இருந்தவர்கள் நான், என் இடுப்பில் மூன்று வயது மகன், என் நாத்தனார், எங்கள் வீட்டுக்குக் கீழே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் அண்ணாச்சி, அப்புறம் ஒரு பருந்து. இடம் பம்பாய் தாராவி. தாதரில் டிராம் ஓடிக்கொண்டிருந்த அறுபதுகளின் தொடக்கம். என் கணவர் மில் வேலைக்குப் போயிருந்தார்.

மகனுக்குச் சில வாரங்களாகவே வயிற்றுவலி. சோறு இறங்காது, முகம் வெளுத்து எந்நேரமும் சிணுங்கல். பூச்சி மருந்து, கஷாயம் எல்லாம் கொடுத்தாயிற்று. நானோ பிள்ளை அயர்ந்து தூங்கினால்கூட மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிற ரகம். எங்கள் முஸ்லிம் வீடுகளில் நோயாளியின் தலையைச் சுற்றி இறைச்சியைப் பருந்துக்குப் போடுவது உண்டு. சதகா என்போம், பிணி விலகும் என்று நம்பிக்கை. ஜன்னலை ஒட்டி நீண்டிருந்த அண்ணாச்சி பட்டறையின் தகரக் கூரையில் தினமும் போட்டேன். ஒரே பருந்துதான் வரும். மகனே எட்டிக் கறியை வைப்பான். பிறகு விரலைச் சப்பிக்கொண்டு வேடிக்கை பார்ப்பான்.

அன்று காலை வந்த பருந்து திரும்பப் பறக்கவில்லை. சறுக்கிச் சந்தில் விழுந்தது. இறக்கை இரண்டும் நனைந்த குடைபோலத் தொங்கின, கால் நிற்கவில்லை, எச்சம் பச்சைப் பசேலென்று இருந்தது.

"மதினி, புள்ள நோய அது வாங்கிக்கிட்டு! இனி இவன் எந்திரிச்சிருவான் பாருங்க" என்று நாத்தனார் குதித்தாள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பறவை செத்தால் சதகா ஏற்கப்படவில்லை என்று ஆகிவிடுமோ? மீன்கூடையில் அதை வைத்துத் துணியால் மூடினேன்.

"ஏ தாயி, மனுசனுக்கே இங்க வைத்தியம் இல்ல, பருந்தத் தூக்கிட்டு எங்க போற? டிராம்ல அதுக்கும் டிக்கெட் கேப்பான்!" என்று அண்ணாச்சி சிரித்தார்.

மூன்று பேரும் கூடையுமாகத் தாதர் வரை ஓட்டமும் நடையும். டிராமில் கண்டக்டர் கூடையைக் காட்டிக் கேட்டதும் நாத்தனார் கூசாமல் "முர்கி" என்றாள். அந்த நேரம் பார்த்து அந்தக் கோழி துணியை விலக்கிக்கொண்டு வளைந்த மூக்கை நீட்டியது. கண்டக்டர் "அரே பாப்ரே!" என்று இரண்டு சீட் தாண்டிப் போய் நின்றார். அதற்கப்புறம் எங்களிடம் டிக்கெட் கேட்கவே இல்லை.

பரேல் பக்கம் ஒரு மிருக வைத்தியரிடம் போனோம். அலகைத் திறந்தார், எச்சத்தைப் பார்த்தார், இந்தியில் ஏதோ கேட்டார். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு இந்தியும் அரைகுறை. நாத்தனார்தான் தமிழில் சொன்னாள்.

"வீட்டுப் பக்கம் ஈயம் உருக்குறாவளான்னு கேக்காரு மதினி."

"ஆமா, கீழேயே!"

கூரையிலும் ஜன்னல் கட்டையிலும் எப்போதும் படிந்திருந்த சாம்பல் நிறத் தூசி கண்முன் வந்தது. அதில்தானே தினமும் கறி வைத்தோம், அந்த விரலைத்தானே பிள்ளை சப்பினான். டாக்டர் என் மகனையே பார்த்தார். வயிற்றுவலி என்று நாத்தனார் சொல்லி முடிப்பதற்குள் அவன் உதட்டைத் தூக்கினார். ஈறின் ஓரம் மை தடவியதுபோல ஒரு நீலக்கோடு.

டாக்டர் கத்தியதை நாத்தனார் சொன்னாள்: "பறவைய இங்க விட்டுட்டுப் புள்ளையத் தூக்கிட்டு ஓடச் சொல்லுதாரு!"

அவரே தெருவுக்கு வந்து டாக்ஸியை நிறுத்தினார். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஊசிமேல் ஊசி போட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் ஈய விஷம் மூளைக்கு ஏறியிருக்குமாம். மகன் பிழைத்தான். பருந்து மறுநாளே இறந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சி எகிறினார். "சின்ன வயசுலேர்ந்து ஈயத்துலதான் கெடக்கேன், எனக்கு என்ன கொள்ள வந்துச்சு?"

"கை ஏன் அண்ணாச்சி இப்படி நடுங்குது?" என்றேன்.

டீ கிளாஸ் அவர் கையில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தார். மறுநாள் விடியும் முன்பே அவரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். மகன் வீடு திரும்பும்போது நாங்கள் செம்பூருக்குக் குடி மாறியிருந்தோம்.

பிள்ளையின் நோயைப் பருந்து வாங்கிக்கொண்டதாக நாத்தனார் இன்னும் சொல்கிறாள். நான் வைத்த கறியில்தான் அதற்கு நோய் வந்தது என்பது எனக்குத் தெரியும். இன்றைக்கும் பேரப்பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் சதகா கொடுக்கிறேன். ஆனால் வைக்கும் இடத்தைத் தேய்த்துக் கழுவாமல் ஒரு துண்டுகூட வைப்பதில்லை. கொத்திக்கொண்ட பருந்து நல்லபடியாக மேலே ஏறிக் கண்ணுக்கு மறையும்வரை ஜன்னலை விட்டு நகர எனக்கு மனம் வருவதில்லை.