வட்டத்தில் ஒட்டாத புள்ளி

பன்னிரண்டு வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவர் அவர். அவர் விசில் ஊதினால் சொந்தப் பேருந்து மட்டுமா நிற்கும்? எதிரே வரும் லாரி, பக்கத்துத் தெருத் தள்ளுவண்டி, மரமேறிக்கொண்டிருக்கும் அணில், எல்லாமே நின்று திரும்பிப் பார்க்கும். ‘விசிலக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாற்பத்தொரு வயதில் கணித ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவர் சேர்ந்தபோது, அதே பேருந்தை ஓட்டிய கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“படியில நிக்கிற கூட்டத்தை உள்ள தள்ளின மாதிரி கணக்கையும் தலைக்குள்ள தள்ளப் போறியா?”

“தள்ளுவேன். நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

கணக்கு வந்தது. பாடம் நடத்தும் தொடுதிரைதான் படுத்தி எடுத்தது. பக்கத்துப் பள்ளியில் நடத்த மொத்தம் மூன்று பயிற்சிப் பாடங்கள்; ஒன்றிலாவது தேற வேண்டும். முதல் பாடத்தில் திரையில் முக்கோணங்கள் பம்பரமாகச் சுற்றின, நிறம் மாறின, பிள்ளைகள் கைதட்டினார்கள். மதிப்பெண் போட வந்திருந்த விரிவுரையாளர், விசிலக்காவைவிடப் பத்து வயது இளையவர், கடைசி பெஞ்சிலிருந்த பிள்ளையிடம் கேட்டார்: “என்னம்மா கத்துக்கிட்ட?”

“சிவப்பு முக்கோணம் சூப்பர் சார்!”

அந்தப் பாடம் காலி. அடுத்ததில் பயந்துபோய்த் திரையைத் தொடவே இல்லை, அதுவும் காலி. மூன்றாவதும் போனால் மறுபடி பேருந்துதான். எடுத்திருந்த நீண்ட விடுப்பு அந்த மாதத்தோடு முடிகிறது.

மூன்றாவது பாடம் அரைவட்டக் கோணம். திரையில் வட்டம், குறுக்கே விட்டம், மேலே ஒரு புள்ளி. விட்டத்தின் இரு முனைகளையும் அந்தப் புள்ளியோடு இணைத்தால் தொண்ணூறு டிகிரி. புள்ளியை வட்டத்தின் மேல் எங்கே நகர்த்தினாலும் தொண்ணூறு மாறாது. அதுதான் பாடம். முன்வரிசைச் சிறுமியைக் கூப்பிட்டு, “இழுத்துப் பாரும்மா” என்றார் விசிலக்கா.

சிறுமி இழுத்தாள். புள்ளி வட்டத்தை விட்டுக் கழன்று உள்ளே போயிற்று. திரையில் நூற்றுப் பதினேழு!

“டீச்சர், உடைஞ்சிருச்சு!”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. புள்ளியை வட்டத்தோடு ஒட்டவைக்க விசிலக்கா மறந்துவிட்டார். திரையை அணைக்கக் கை போனது. அப்போது சிறுமி சும்மா இருக்காமல் புள்ளியை வெளியே இழுத்தாள். அறுபத்து மூன்று. கை அப்படியே நின்றது.

“எல்லாரும் நில்லுங்க!”

அந்தக் குரலுக்கு வராந்தாவில் போன தலைமையாசிரியரும் நின்றார்.

“உள்ள போனா என்ன ஆகுது? வெளிய போனா? வாயால சொல்லக் கூடாது, நோட்டுல எழுதுங்க. எழுதினப்புறம்தான் இழுக்கணும்.”

நாற்பது பேனாக்கள் ஓடின. உள்ளே போனால் கூடும் என்றது ஒரு பெஞ்சு. எப்போதும் அப்படி இருக்காது என்று சண்டைக்கு வந்தது அடுத்த பெஞ்சு. இழுத்துப் பார்த்தார்கள். உள்ளே எங்கே வைத்தாலும் தொண்ணூறுக்கு மேல். வெளியே, விட்டத்துக்கு நேர் மேலே எவ்வளவு தள்ளினாலும் தொண்ணூறுக்குக் கீழ்.

“டீச்சர்! அப்போ தொண்ணூறு வேணும்னா புள்ளி வட்டக் கோட்டு மேலேயேதான் நிக்கணும்!” என்று ஒருத்தன் பெஞ்சு மேல் ஏறிக் கத்தினான்.

“ஏன்னு சொல்லுடா, அப்புறம் இறங்கு!”

காரணம் கண்டுபிடிக்க ஆறு பேர் கரும்பலகைக்கு ஓடிவந்து ஒருவரையொருவர் இடித்தார்கள். மணி அடித்தது, ஒருவரும் நகரவில்லை.

விரிவுரையாளர் பரபரப்போடு முன்னால் வந்து தாளை நீட்டினார். ‘திட்டமிட்ட தவறு மூலம் மிகச் சிறந்த பாடம். தேர்ச்சி.’

விசிலக்கா தாளைப் படித்தார். “சார், திட்டமெல்லாம் இல்ல. ஒட்டவைக்க மறந்துட்டேன்.”

விரிவுரையாளர் பேனாவைத் திறந்து ‘திட்டமிட்ட’ என்ற சொல்லை மட்டும் அடித்தார். மற்றதில் கை வைக்கவில்லை.

“அடுத்த வருஷம் நம்ம காலேஜுக்குப் படிக்க வர்றவங்களுக்கு நீங்க இதைச் சொல்லணும்க்கா. மறந்ததையும் சேர்த்து.”