ஓரகத்தி தோட்டத்தில் கேட்ட சிரிப்பு

துருக்கியின் கிரேசுன் மலைச்சரிவில் எங்கள் வீட்டுக்கு மேல்வீடு நெபாஹத்துடையது. அவள் வீட்டுப் பின்புறத்து ஹேசல் கொட்டைப் புதரைப் பல குளிர்காலமாக யாரும் தொடவில்லை. அடியிலிருந்து கிளம்பிய முளைகளெல்லாம் கம்பாகி, ஒன்றோடொன்று பின்னி, சமையலறை ஜன்னலையே மூடிவிட்டன. கொட்டையும் சரியாகக் காய்ப்பதில்லை.

அவள் கணவர் யாகூப்போ, பிப்ரவரி வந்தால் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓரகத்தி பெரிஹானின் தோட்டத்துக்குப் போய்விடுவார். பெரிஹானின் கணவனான தன் தம்பி ரமிஸைக் கடல் கொண்டுபோன பிறகு, "அவளுக்கு யாரு இருக்கா?" என்பது அவர் பேச்சு.

"எனக்கு மட்டும் யாரு இருக்கா?" என்பாள் நெபாஹத். "அவ தோட்டம் பூங்கா மாதிரி இருக்கு. நான் பட்டப்பகல்ல விளக்கப் போட்டுச் சமைக்கறேன்."

"அடுத்த வாரம் வெட்டிடறேன்மா."

அந்த வருடம் அவர் தலை மறைந்ததும் கோடாரியோடு தானே இறங்கினாள். எது கிழடு, எது இளசு என்று பார்க்கவில்லை. ஒவ்வொரு கம்பையும் பெரிஹானாக நினைத்தே வெட்டினாள் போலிருக்கிறது. எங்கள் முற்றம்வரை சத்தம் கேட்டது. புதரில் பாதி சாய்ந்ததும் பளீரென்று வெளிச்சம் வந்தது. வேலிக்கு அப்பால் பெரிஹானின் தோட்டமும் தெரிந்தது.

அங்கே ரம்பம் பெரிஹானின் கையில் இருந்தது. யாகூப் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து, தேநீர்க் குவளையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே பாடுபடுகிறார் என்றுதான் இத்தனை நாள் அவள் வயிறு எரிந்தது. இப்படிச் சிரித்துத் தன் வீட்டில் அவள் பார்த்ததே இல்லை.

கோடாரியோடே வேலியைத் தாண்டினாள். "அப்படி என்ன சிரிப்பு? நானும் சிரிக்கக் கூடாதா?"

யாகூப்பின் தேநீர் தளும்பியது. பெரிஹான் நிமிர்ந்தாள். "வாங்கக்கா. இவரு ரம்பத்தக் கொண்டு வர்றதோட சரி. எங்க வீட்டுக்காரரு கழுதைக்குப் பயந்து மரத்துல ஏறினதச் சொல்லிட்டிருக்காரு. அவரப் பத்திப் பேச எனக்கு வேற யாரு? மொதல்ல கோடாரியக் கீழ வைங்க."

"வீட்டுல ரமிஸ் பேர எடுத்தா, போனவன எதுக்குக் கிளறறீங்கன்னு வாய அடைச்சிடறே," என்றார் யாகூப் மெதுவாக.

நெபாஹத் கோடாரியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சது பாதிக் கதைதான்," என்றாள். "நான் கல்யாணமாகி வந்த புதுசு. அவன இறக்கிவிட்டதே நான்தான். கால்சட்டை கிளையிலயே தங்கிடுச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணின்னு என் காலப் பிடிச்சான்."

யாகூப் மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டார், இந்த முறை அவளைப் பார்த்து.

அவள் வெட்டிய வெட்டில் அந்த வருடம் புதரில் ஒரு கொட்டைகூட இல்லை. அடுத்த குளிர்காலத்திலிருந்து மூவருமாகவே இரண்டு தோட்டத்தையும் கவாத்து செய்கிறார்கள். முதலில் தன்னுடையதுதான் என்பதில் நெபாஹத் விட்டுக்கொடுப்பதில்லை. தேநீரும் அவள்தான் போடுகிறாள். பெரிஹான் போடுவது வெறும் வெந்நீராம்.